தெரியுதா?

ஆஸ்பத்திரியில் அவரை எல்லோரும் 'லைன் அண்ணன்' என்றுதான் கூப்பிடுவார்கள். "லைன்ல இருங்க, தர்றேன்" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பதால் வந்த பெயர். மருந்துக் கடைக்கும் மாடிப்படிக்கும் நடுவில் ஓர் அறை. அறை என்று சொல்வதே மரியாதைக்குத்தான். அதற்குள் ஒரு டெலிபோன் போர்டு, ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி, நாற்காலியில் அவர். எந்த டாக்டருக்கு எந்த எண், எந்த வார்டில் எந்த நர்ஸ் போனை எடுக்கவே மாட்டாள் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். கண் போனவருக்கு இப்படி ஒரு வேலை அமைவது குதிரைக் கொம்பு என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். அவரும் "ஆமாமா" என்பார். வேறு என்ன சொல்வது?

கண் போனபோது மகள் சிட்டு ஒன்றாம் வகுப்பு. இப்போது கல்லூரியில் இரண்டாம் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அவர் பாயில் சாய்ந்திருந்தபோது, அவள் செல்போனோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, கனவு காணும்போதே இது கனவுதான்னு கண்டுபிடிக்கலாமாம். பழகிட்டா, அப்புறம் உள்ளுக்குள்ள நாம நெனச்சதைச் செய்யலாமாம். பறக்கலாம், யாரை வேணாக் கூப்பிடலாம்."

"தூக்கத்துலயும் வேலை வெக்கிறாங்களா? சம்பளம் உண்டான்னு கேளு."

சிட்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, உங்களுக்குக் கனவு வருமா?"

"வராம?"

"கனவுல உங்களுக்கு... கண்ணு..."

"தெரியும். நல்லாத் தெரியும்."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது. மனைவிக்கும் கேட்டுவிட்டது. இத்தனை வருடத்தில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. அவராகவும் சொன்னதில்லை. கனவில் அவருக்கு எல்லாமே தெரியும். பேருந்தின் நிறம், எதிரில் வருகிறவனின் சட்டைக் கோடு, கண்ணாடியில் வழியும் மழைத் தண்ணீர். கண் போனவர் என்பதே அங்கே அவருக்கு ஞாபகம் இருக்காது. மற்றவர்களுக்கு விடிகிற நேரத்தில்தான் அவருக்கு விளக்கை அணைப்பார்கள். அதற்கும் பழகிவிட்டார்.

"அப்ப நீங்க என்னைப் பார்க்கலாம்ப்பா!" என்றாள் சிட்டு. "நான் இப்ப எப்படி இருக்கேன்னு பார்க்கலாம்!"

அந்த வார்த்தை அவருக்குள் முள்ளாய்த் தைத்தது. அவரிடம் இருந்த சிட்டுவின் முகம் ஒன்றே ஒன்று: முன்பல் இரண்டும் விழுந்து, கன்னத்தில் பவுடர் திட்டுத்திட்டாக இருக்கும் முகம். அதற்குப் பிறகு வளர்ந்ததெல்லாம் குரல், செருப்புச் சத்தம், ஷாம்பூ வாசனை. சினிமாவில் காட்டுவதுபோல முகத்தைத் தடவிப் பார்ப்பதையும் ஒருமுறை செய்து பார்த்தாயிற்று. அவள் கூச்சம் தாங்காமல் நெளிந்து நெளிந்து சிரித்தாள். அவருக்கோ மூக்கு மூக்காக இருந்தது, காது காதாக இருந்தது. வேறொன்றும் பிடிபடவில்லை.

அன்றைக்கே பாடம் தொடங்கியது. சிட்டு போனைப் பார்த்துப் படித்துச் சொன்னாள். தூங்கப் போகும்போது 'இன்னிக்குக் கனவுல கனவுன்னு கண்டுபிடிப்பேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே கண்ணை மூட வேண்டும். விழித்த உடனே அசையாமல் படுத்து, வந்த கனவைப் பதிவு செய்ய வேண்டும். அவர் போனில் பேசிப் பதிந்தால் போதும். எல்லாவற்றையும்விட முக்கியம், பகலில் அடிக்கடி சோதனை செய்துகொள்வது. கடிகாரத்தை இரண்டு தடவை பார்ப்பது, உள்ளங்கையை உற்றுப் பார்ப்பது, எழுத்தை ஒருமுறை படித்துவிட்டுத் திரும்பப் படிப்பது. பகலில் பழகியது கனவிலும் வருமாம். கனவில் கடிகாரம் தாறுமாறாகக் காட்டும், விரல் ஆறாகும், எழுத்து மாறும். அப்போது பிடித்துக்கொள்ளலாம்.

"இதெல்லாம் கண்ணு இருக்கிறவங்களுக்கு" என்றார் அவர்.

"உங்களுக்கு இன்னும் ஈசிப்பா. அப்பப்போ 'எனக்குத் தெரியுதா'ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க. தெரிஞ்சா அது கனவு. அவ்வளவுதான்."

அவள் ஆசையாகத்தான் சொன்னாள். அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று அந்த வயதில் யாருக்குத் தெரியும்?

மறுநாளிலிருந்து, போன் மணி அடிக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்வது என்று முடிவு செய்தார். மணி அடித்தது. தெரியுதா? இல்லை. "லைன்ல இருங்க." மறுபடி மணி. தெரியுதா? இல்லை. ஆஸ்பத்திரி டெலிபோன் வாய் மூடுமா? கண்ணைப் பறித்த விபத்துக்குப் பின் வந்த முதல் வருடம் அவர் இந்தக் கேள்வியைத்தான் கேட்டுக் கேட்டுச் செத்துப் பிழைத்தார். பிறகு ஒரு நாள் கேட்பதை விட்டார். விட்டதால்தான் சோறு இறங்கியது. இப்போது ஆறிப்போன புண்ணைத் தாமே நகத்தால் கீறிவிட்டுக்கொள்வதுபோல் ஆயிற்று. வாரம் முடிவதற்குள் போனில் அவர் குரல் மாறிவிட்டது. டாக்டர் எப்போது வருவார் என்று இரண்டாம் தடவை கேட்ட ஒரு கிழவரிடம், "எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்று எரிந்து விழுந்தார். டீ கொண்டுவரும் கேன்டீன்காரர், "என்ன லைன் அண்ணே, வீட்டுல சண்டையா?" என்றார்.

"வீட்டுல இல்லய்யா, தலைக்குள்ள" என்றார் அவர்.

கனவுகள் வந்தன. ஆனால் பிடிபடவில்லை. "பஸ்ல போனேன். கண்டக்டர் பச்சை சட்டை போட்டிருந்தான்" என்று காலையில் பதிந்து வைப்பார். சிட்டு கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொள்வாள். "பச்சை சட்டைன்னு நீங்களே சொல்றீங்க, அங்கேயே முழிச்சிருக்க வேணாமாப்பா?" இருவரும் சிரிப்பார்கள். அந்தச் சில வாரங்கள் வீட்டில் நன்றாகத்தான் இருந்தன. காலையில் அவள் அவரிடம்தான் முதலில் வருவாள். மனைவி மட்டும் ஒன்றும் பேச மாட்டாள். துணிக்கடையில் அளவு திருத்தித் தைத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. ஊசியை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்து பழகி, வீட்டிலும் உதடு திறக்காமலே இருந்துவிடுவாள்.

முதல் தடவை பிடித்தது பட்டறையில்தான்.

பட்டறை என்றால் மச்சானுடையது, மனைவியின் அண்ணன். அவரிடம்தான் இவர் பேட்டரி மெக்கானிக்காக இருந்தார். ஒரு நாள், சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த லாரி பேட்டரியிலிருந்து கிளிப்பைக் கழற்றும்போது பொறி பறந்து, பேட்டரி வெடித்து, ஆசிட் முகத்தில் அடித்தது. வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றியதும் மச்சான்தான், அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதும் மச்சான்தான். ஆனால் விசாரிக்க வந்த அதிகாரியிடம் அதே மச்சான், "பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில தொங்கிட்டுதான் இருந்துச்சு சார், மாப்ளதான் எடுத்துப் போடலை" என்றார். ஆணியில் கண்ணாடி எதுவும் இல்லை என்றார் இவர். முதலாளி பேச்சு எடுபட்டது, கண் போனவன் பேச்சு எடுபடவில்லை. அன்றோடு பேச்சுவார்த்தை அறுந்தது. மனைவி, "எனக்கு நீங்க ரெண்டு பேரும் ரெண்டு கண்ணு, நான் எதைக் குத்திக்கிறது?" என்று அழுதபோது அவர் சொன்னார்: "என்கிட்ட இருந்த ரெண்டையும்தான் உங்க அண்ணன் வாங்கிக்கிட்டாரே. உனக்காவது மிச்சம் இருக்கட்டும்." அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

அந்தப் பட்டறை கனவில் வந்தது. தகரக் கூரையின் ஓட்டை வழியே வெயில் ஒரு கம்பிபோல் இறங்கி, தரையில் கிடந்த ஸ்பேனர்மேல் விழுந்து பளபளத்தது. அவர் குனிந்து அதை எடுத்தார். அப்போது எங்கோ போன் மணி அடித்தது. தெரியுதா? பழக்க தோஷத்தில் கேட்டுக்கொண்டார். தெரியுதே! நெஞ்சு ஒரு குதி குதித்தது. அந்தக் குதியிலேயே எல்லாம் கலைந்து, இருட்டில் பாயில் கிடந்தார்.

"எல்லாருக்கும் முதல்ல இப்படித்தானாம்ப்பா" என்றாள் சிட்டு. அவள் குரலில் அவரைவிட அதிகச் சந்தோஷம். "சந்தோஷப்பட்டா முழிப்பு வந்துடுமாம். ரெண்டு கையையும் தேய்ச்சுக்குங்க. அங்கேயே நிக்கும். யாராவது வேணும்னா, அந்தப் பக்கம் திரும்பி நின்னு, அவங்க பின்னால நிக்கிறாங்கன்னு நெனச்சுட்டுத் திரும்பணுமாம்."

"நீதான் நிப்பியா?"

"பின்ன வேற யாரு?"

அடுத்த ஞாயிறு மத்தியானத் தூக்கத்தில் அது நடந்தது. ஏதோ ஒரு தெரு. மழை விட்டிருந்தது. சுவரோரம் தேங்கிய தண்ணீரில் வானம் கிடந்தது. தெரியுதா? தெரிகிறது. அவர் பதறவில்லை. கைகளைத் தேய்த்தார். உள்ளங்கை ரேகை, நகத்து அழுக்கு, எல்லாம் அச்சாகத் தெரிந்தது. திரும்பி நின்று, சிட்டு பின்னால் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு திரும்பினார்.

பொக்கை வாயோடு ஒன்றாம் வகுப்புச் சிட்டு நின்றாள். "அப்பா, என்னைப் பார்த்துட்டீங்களா?" என்றாள். குரல் மட்டும் கல்லூரிச் சிட்டுவின் குரல். சின்ன வாயிலிருந்து அந்தப் பெரிய குரல் வந்தது அவருக்கு என்னவோ செய்தது. இது இல்லை, வளர்ந்தவள் வேண்டும் என்று நினைத்து மறுபடி திரும்பி நின்றார். பிறகு பார்த்தார்.

உயரமான பெண் ஒருத்தி முதுகு காட்டி நின்றாள். ஒற்றைப் பின்னல். அவர் கூப்பிட்டார். அவள் திரும்பினாள்.

மச்சானின் முகம்.

மீசை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அதே அகன்ற நெற்றி, நெருங்கின கண்கள், ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும் அதே சிரிப்பு. அந்தச் சிரிப்போடு, "அப்பா" என்றது.

அலறிக்கொண்டு எழுந்தார். மனைவியும் மகளும் ஓடி வந்தார்கள். "பார்த்தீங்களாப்பா? என்னைப் பார்த்தீங்களா?" என்று சிட்டு அவர் கையைப் பிடித்தாள். அவர் கையை உருவிக்கொண்டார்.

"ஒண்ணும் தெரியலை" என்றார்.

எங்கிருந்து வந்தது அந்த முகம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் யாராவது ஒரு சொந்தக்காரி சிட்டுவின் தாடையைப் பிடித்து, "அப்படியே மாமனை உரிச்சு வெச்சிருக்கு" என்பாள். அவர் பக்கத்தில் இருப்பது தெரிந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டு பேச்சை மாற்றுவாள். வருடக்கணக்காகக் காதில் விழுந்ததை மனசு சேர்த்து வைத்திருந்து, கேட்ட நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டது. மனசை என்ன சொல்ல முடியும்? அதனிடம் இருந்த சரக்கு அதுதான்.

தொல்லை, கனவோடு நிற்கவில்லை. அதுவரை சிட்டுவின் குரலுக்கு முகம் கிடையாது. வெளிச்சம்போல வந்து போகும். இப்போது "அப்பா" என்ற மாத்திரத்தில் அந்த முகமும் கூடவே வந்து நின்றது. அவள் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக்கொள்வதற்கு முன் ஒரு நொடி கை தயங்கியது. அவள் பேச்சுக்கு "ம்" என்றும் "சரி" என்றும் மட்டும் பதில் சொன்னார். சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் நேராகவே கேட்டாள்.

"நான் என்னப்பா தப்புப் பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலைம்மா."

"அப்ப ஏன் வேண்டாதவ மாதிரி பேசுறீங்க?"

அவர் எழுந்து சுவரைத் தடவிக்கொண்டு குளியலறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

அங்கே நின்றபோதுதான் அந்த எண்ணம் வந்தது. மச்சானுடைய முகத்தைக் கனவிலிருந்து விரட்ட வேண்டுமானால், பட்டறைக்கே போக வேண்டும். ஆணியைப் பார்க்க வேண்டும். ஆணி வெறுமையாக இருப்பதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட்டால், நெஞ்சு ஆறும். பொய் சொன்னவன் முகம் பொய் சொன்னவனோடு போய்விடும்.

இதை அவர் சிட்டுவிடம் சொல்லவில்லை. தனியாகவே பழகினார். இப்போது அவருக்குக் கை வந்துவிட்டது. பலமுறை தவறி, ஒரு விடியற்காலையில் பட்டறைக்குள் நின்றார். கைகளைத் தேய்த்தார். நிதானமாக நடந்து, சார்ஜ் போடும் மேசைக்கு மேலே, சுவரில் அடித்திருந்த ஆணியைப் பார்த்தார்.

கண்ணாடி தொங்கிக்கொண்டிருந்தது.

இருக்காது, இருக்கவே இருக்காது என்று நினைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பினார். மறுபடி பார்த்தார். ஆணி வெறுமையாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், ஒருவேளை இருந்திருந்தால் என்று ஒரு நினைப்பு ஓடியது. பார்த்தார். கண்ணாடி தொங்கியது. பயந்தால் இருந்தது, ஆசைப்பட்டால் இல்லை. திரும்பித் திரும்பிப் பார்த்துச் சலித்து, கடைசியில் ஆணியையே கையால் பிடுங்கி எறிந்தார். சுவரில் இன்னோர் ஆணி இருந்தது.

விழித்தபின் வெகுநேரம் அப்படியே கிடந்தார். கனவு சாட்சி சொல்லாது என்று புரிந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. அன்றைக்கு ஆணியில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியவில்லை. 'இல்லை, இல்லை' என்று இத்தனை காலம் சொல்லிச் சொல்லி, சொன்னதுதான் ஞாபகம் இருந்தது. பார்த்தது ஞாபகம் இல்லை.

மனைவி எழுந்து பக்கத்தில் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு மத்தியானம் நீதானே எனக்குச் சாப்பாடு கொண்டாந்தே?" என்றார்.

மடிக்கிற சத்தம் நின்றது. "ஆமா."

"ஆணியில கண்ணாடி இருந்துச்சா?"

அவள் உட்கார்ந்துவிட்டாள் என்பது மூச்சு வந்த இடத்திலிருந்து தெரிந்தது.

"இருந்துச்சு" என்றாள். "ஒரு பக்கம் விரிசல் விட்டு, இன்னொரு பக்கம் ஆசிட் பட்டு வெள்ளையாப் போனது. போட்டா ஒண்ணுமே தெரியலைன்னு நீங்கதான் கழட்டி மாட்டுனீங்க. புதுசு வாங்கித் தரச் சொல்லி அண்ணன்கிட்ட கேக்கணும்னீங்க. கேட்டீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

அவர் கேட்டாரா? யோசித்துப் பார்த்தார். கேட்டதுபோலவும் இருந்தது, கேட்காததுபோலவும் இருந்தது.

"இத்தனை வருஷம் வாயைத் தொறக்கலையே நீ."

"என்னை யார் கேட்டா?" அவள் குரல் உயரவில்லை. "வந்த ஆபீசர் கேட்டாரா? அண்ணன் கேட்டாரா? நீங்க கேட்டீங்களா? இருந்துச்சுன்னு சொன்னா நீங்க என்னை விட்டிருக்க மாட்டீங்க. உடைஞ்சதுன்னு சொன்னா அண்ணன் விட்டிருக்க மாட்டார். தெரிஞ்சதை முழுங்கிட்டுத்தான் நான் குடும்பம் நடத்தினேன்."

"சிட்டு உங்க அண்ணன் ஜாடையா?"

"ஆமா. அதுக்கு நான் என்ன பண்ண? பொய் சொல்லச் சொல்றீங்களா?"

கதவுப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. சிட்டு அங்கேதான் நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"உங்க கனவுல எனக்கு மாமா முகமா வந்துச்சு?" என்றாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"அதுக்கா இத்தனை நாளா என் கையைத் தட்டிவிட்டீங்க? கண்ணு தெரியாதப்ப நீங்க என்கிட்ட நல்லாத்தான்ப்பா இருந்தீங்க."

அவள் கல்லூரிக்குக் கிளம்பிப் போனாள். சாயங்காலம் வழக்கம்போல வந்தாள், சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். சண்டை எதுவும் இல்லை. ஆனால் காலையில் அவரிடம் வந்து உட்கார்வதில்லை. அடுத்த வருடம் கல்லூரி விடுதியில் சேர்ந்துகொள்கிறேன், பஸ்ஸில் போய்வர அலைச்சலாக இருக்கிறது என்றாள். அம்மா சரி என்றாள். அவரும் சரி என்றார். பெட்டி எடுத்துப் போன அன்று மச்சான்தான் காரோடு வந்து தெருமுனையில் நின்றாராம். மனைவி சொன்னாள். வீட்டுக்குள் வரச் சொல்லலாமா என்று அவள் கேட்கவில்லை, சொல் என்று இவரும் சொல்லவில்லை. உடைந்த கண்ணாடியைப் பற்றி மச்சானும் இவரும் பேசித் தீர்த்திருக்கலாம். யார் முதலில் ஆரம்பிப்பது?

பயிற்சியை அவர் அடியோடு விட்டுவிட்டார். கனவைப் பதிவதில்லை, தூங்கும்போது எதையும் சொல்லிக்கொள்வதில்லை. பேட்டரி தொழிலையே கை மறந்துவிட்டது, இது எம்மாத்திரம், தானாக மறந்துவிடும் என்று நினைத்தார். மறக்கவில்லை.

இப்போதும் கனவு வருகிறது. பேருந்து வருகிறது, ஜன்னலோரம் இடம் கிடைக்கிறது, வெளியே மழையில் நனைந்த ஒரு மரம் இலை இலையாக மின்னுகிறது. முன்பென்றால் ஊர் வரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே போயிருப்பார். இப்போது மரம் தெரிந்த அடுத்த நொடியே, 'தெரிகிறதென்றால் இது நிஜமில்லை, உனக்குக் கண் கிடையாது' என்று உள்ளே ஒன்று சொல்லிவிடுகிறது. அவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு, பேருந்து கலைவதற்காகக் காத்திருக்கிறார்.